டிசம்பர் விடுமுறைக்கு எந்தக் கடலில் முக்குளிக்கலாம்?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 3

நானும் மனைவியும் ஜூன் விடுமுறையில் தியோமானில் ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலை முக்குளிப்புப் பயிற்சியை முடித்தோம். டிசம்பரில் ஒரு வாரம் குடும்பத்தோடு எங்காவது சென்று முக்குளிக்க நினைக்கிறோம். மலேசியாவின் சிப்பாடான் தீவைவிடச் சிறந்த இடம் உலகத்திலேயே இல்லை என்று அலுவலக நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். பக்கத்தில்தானே இருக்கிறது, நேராக அங்கேயே போகலாமா? அல்லது மாலத்தீவா? இரண்டும் கட்டுப்படியாகாவிட்டால் பழகிய தியோமானுக்கே திரும்பலாமா?

செப்டம்பர் 3, இரவு

தியோமானை முதலில் விட்டுவிடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலை நேராக மலேசியாவின் கிழக்குக் கரைமீது தள்ளுகிறது. மெர்சிங்கிலிருந்து புறப்படும் படகுச் சேவை குறைந்துவிடும். தங்குவிடுதிகளும் முக்குளிப்பு நிலையங்களும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அலை கிளப்பிவிடும் மணலால் நீருக்கடியில் எதுவும் தெரியாது. ஆவுர், டாயாங், ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நீண்ட விடுமுறை இரண்டுதான் உண்டு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். நவம்பர் பிற்பகுதியும் டிசம்பரும் வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். ஆகவே ஓர் இடத்தின் புகழைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் விடுப்பு விழும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, நீங்கள் இறங்கப்போகும் கரை அந்தக் காற்றுக்கு முகம் காட்டுகிறதா முதுகு காட்டுகிறதா என்று பாருங்கள். ஜூனில் தியோமான், பாலி, கொமோடோ, திரிகோணமலை ஆகியவை பொருந்தும். டிசம்பரில் தாய்லாந்தின் மேற்குக் கரை, மாலத்தீவு, அந்தமான் தீவுகள், ராஜா அம்பாட் ஆகியவை பொருந்தும். நீங்கள் கேட்ட மூன்றில் இப்போதைக்கு மாலத்தீவு என்றே சொல்வேன். சிப்பாடானைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது ஒரு வரியில் முடியாது.

செப்டம்பர் 4

உங்கள் நண்பர்கள் சிப்பாடானை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. செலிபஸ் கடலின் அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் எரிமலைக் குன்றொன்றின் உச்சியில் பவளம் வளர்ந்து உண்டான தீவு அது. கரையிலிருந்து சிறிது தொலைவு நீந்தினாலே காலுக்குக் கீழே தரை இல்லாமற்போய்விடும். ஆமைகளை எண்ணிக்கொண்டிருக்க முடியாத அளவுக்குப் பார்க்கலாம். பாரகுடா பாயிண்ட் என்னும் இடத்தில் சீலா மீன்கள் பெருங்கூட்டமாகச் சுழன்று திரிவதைப் பார்த்தவர்கள் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன்.

இருந்தும் உங்கள் இருவருக்கும் இந்த டிசம்பரில் அது வேண்டாம் என்கிறேன். காரணம் கரையை ஒட்டிச் செங்குத்தாக இறங்கும் அந்தப் பவளச் சுவர்தான். கடலின் மேற்பரப்பில் ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் இரண்டு. 20 மீட்டரில் மூன்று. முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகி, உங்கள் பிசிடியில், அதாவது மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையில், இருக்கும் காற்றின் பருமன் பாதியாகிவிடுகிறது. புதியவர்கள் மிதப்பைக் கட்டுப்படுத்த முடியாமல் மேலும் கீழும் அலைவது இந்த மேல்மட்டத்தில்தான். தியோமானின் ரெங்கிஸ் தீவைச் சுற்றி நீங்கள் அப்படி அலைந்தபோது கீழே மணல் இருந்தது. கொஞ்சம் அதிகமாகக் கீழே போனாலும் தரை தடுத்தது. சிப்பாடான் சுவரில் தடுக்க எதுவும் இல்லை. கண்ணுக்கு எதிரே பவளமும் முதுகுக்குப் பின்னால் நீலமும்தான் இருக்கும். கீழ்நோக்கி இழுக்கும் நீரோட்டம் ஒன்று வந்துவிட்டால், ஆழமானியைப் பார்க்கப் பழகாதவர் எத்தனை மீட்டர் இறங்கினோம் என்பதை உணர்வதற்குள் தன் வரம்பைத் தாண்டிவிடுவார். உங்கள் சான்றிதழின் வரம்பு 18 மீட்டர்.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும் உள்ளவர்களை இப்போது அங்கே அழைத்துச் செல்வதில்லை, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு சான்றிதழ் கேட்கிறார்கள். சில ஆண்டுகளாக ஆண்டிறுதியை ஒட்டி ஒரு மாதம் தீவை முழுமையாக மூடுகிறார்கள். தீவில் இருந்த விடுதிகளை 2004-ஆம் ஆண்டு இறுதியோடு அகற்றிவிட்டார்கள். மாபுல், கப்பாலாய், செம்போர்னா ஆகிய இடங்களில் தங்கித்தான் போக வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிப்பாடானிலிருந்து சுற்றுப்பயணிகளும் ஊழியர்களும் கடத்தப்பட்டதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இப்போது அங்கே பாதுகாப்பு பலமாக இருக்கிறது. ஆனாலும் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் படித்துவிட்டே பதிவு செய்யுங்கள்.

செப்டம்பர் 7

மாலத்தீவு என்று எழுதிவிட்டுப் போனதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. அதை விரித்துச் சொல்லாமல் விடக்கூடாது.

என் தங்கை உங்களைப் போலவே சில மாதங்களுக்கு முன்னர்தான் சான்றிதழ் வாங்கியிருந்தாள். தோழிகள் சேர்ந்து மாலத்தீவில் படகிலேயே தங்கி முக்குளிக்கும் பயணம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். அங்கே பவளத் தீவு வளையங்களுக்கு நடுவே கடல் உள்ளே நுழையும் வாய்க்கால்கள் உண்டு; வடகிழக்குப் பருவத்தில் தெளிந்த நீர் கிழக்குப் பக்கத்து வாய்க்கால்கள் வழியாக வேகமாக உள்ளே பாயும்; சுறாக்களும் திருக்கைகளும் அந்த நீரோட்டத்தை எதிர்கொண்டு நிற்கும். அவற்றைப் பார்க்க வேண்டுமானால் வாய்க்காலின் விளிம்பில் பாறையைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அவள் பிறகு என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டில் பறந்தன. தலையைச் சற்றுத் திருப்பியபோது முகமூடி முகத்தின்மேல் படபடவென்று நடுங்கி, ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. அதைச் சரிசெய்ய ஒரு கையை எடுக்க வேண்டும்; கையை எடுத்தால் அடித்துச் செல்லப்படுவோம் என்ற பயத்தில் உப்புநீர் கண்ணில் எரிய எரிய அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். சுறாக்கள் வந்தனவா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

யாருக்கும் காயமில்லை, எல்லாரும் பத்திரமாகப் படகில் ஏறினார்கள். ஆனால் அவள் அதன்பிறகு நீண்ட காலம் கடலில் முகத்தை வைக்கவே இல்லை. உரிமம் வாங்கிய கையோடு ஒருவரைக் கனமழையில் தீவு விரைவுச்சாலையில் வண்டி ஓட்டச் சொன்னால் அவர் காலத்துக்கும் வண்டியை வெறுத்துவிடுவார். அவளுக்கு நடந்தது அதுதான்.

ஆகையால் காற்றுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது, உங்கள் குழுவில் மிகவும் தயங்குகிறவர் யார் என்பதை. இடத்தை அவருக்குப் பொருத்தித் தேர்ந்தெடுங்கள், உங்களுக்குப் பொருத்தி அன்று. மாலத்தீவுக்குப் போவதானால் படகுப் பயணம் வேண்டாம். தீவில் தங்கி, விடுதியை ஒட்டிய பாறைத்திட்டில் காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக இறங்குங்கள். வாய்க்கால் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கொம்புத் திருக்கைக் கூட்டத்தை நினைத்து மாலத்தீவைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் அவை திரள்வது மே முதல் நவம்பர் வரை. அங்கே காற்றுக்கலனோடு இறங்கவும் அனுமதி இல்லை. முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே நீந்திப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

வாசகர், செப்டம்பர் 8

ஒன்றைச் சொல்லவில்லை. மகளுக்குப் பதினொரு வயது, தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். அவளும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். என் அம்மாவும் கூட வருவார்கள்; அவர்களுக்கு நீச்சல் தெரியாது.

செப்டம்பர் 8, இரவு

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மாலத்தீவை எழுதியிருக்கவே மாட்டேன். நீங்கள் போக வேண்டியது புக்கெட்.

விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம். வடகிழக்குக் காற்றுக்குத் தாய்லாந்தின் நிலப்பரப்பே தடுப்பாக நிற்பதால் டிசம்பரில் அந்த மேற்குக் கரை அமைதியாக இருக்கும். சலோங் படகுத்துறையிலிருந்து காலையில் புறப்படும் படகுகள் ராச்சா யாய் தீவுக்குப் போய் மாலைக்குள் திரும்பிவிடும். அங்கே விரிகுடாக்களின் அடித்தளம் மணலாக மெல்ல மெல்லச் சரிந்து இறங்குகிறது. ஐந்து மீட்டரிலேயே மீன்கள் மொய்க்கும். மகளுக்கு ஐந்து மீட்டர், உங்களுக்குப் பதினைந்து மீட்டர் என்று ஒரே இடத்தில் ஆளுக்கேற்ற ஆழம் கிடைக்கும். அம்மா கரையில் இருக்கலாம். ஊரில் மருத்துவமனை உண்டு, சாப்பாட்டுக்குக் கவலையில்லை. ஒரு வாரத்தில் எல்லா நாளும் கடலில் இறங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மகளைப் பற்றி: பத்து வயதிலிருந்தே ஜூனியர் ஓப்பன் வாட்டர் கற்கலாம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 12 மீட்டர்தான் வரம்பு. அதுவும் பெற்றோரோ பயிற்றுநரோ உடன் இருக்க வேண்டும். ஆண்டிறுதித் தேர்வு முடிந்தவுடன் பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் இங்கேயே முடித்துவிடுங்கள். கடல் பகுதியை மட்டும் புக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நிலையத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விடுமுறையின் முதல் நாள்களைக் குளத்தங்கரையில் கழிப்பது பிள்ளைக்கு அலுப்பு.

காதைக் கவனியுங்கள். இறங்க இறங்க மூக்கை அடைத்துக் காற்றைக் காதுக்குள் மெல்லச் செலுத்திச் சமப்படுத்த வேண்டும். சளி பிடித்த பிள்ளையால் அது முடியாது, வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியலாம். மகள் அன்று வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். இளைப்பு நோய் (ஆஸ்துமா) இருந்தால், இது பெரியவர்களுக்கும் பொருந்தும், முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

செப்டம்பர் 9

சிமிலான் தீவுகளையும் அதே பயணத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை அது திறந்திருக்கும். டிசம்பரில் நீர் நன்றாகத் தெளிந்திருக்கும். ஆனால் காவோ லாக்கிலிருந்து விரைவுப் படகில் போய்வரும் நாள் நீண்டது, மகளுக்குக் களைப்பாகிவிடும். ரிச்செலியூ பாறை என்னும் புகழ்பெற்ற முக்குளிப்பு இடத்தை நினைத்து ஆசைப்படாதீர்கள். அங்கே நீரோட்டம் உண்டு. நீங்கள் இருவர் மட்டும் போகிற ஆண்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 11

இன்னொரு வாசகர், யாழ்ப்பாணத்தில் உறவினர்களைப் பார்க்க டிசம்பரில் போகிறாராம். அப்படியே திரிகோணமலையில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு டிசம்பர்தான் மழையும் கொந்தளிப்புமான காலம். மே முதல் செப்டம்பர் வரை போனால் புறாத்தீவைச் சுற்றிக் குளம்போல அமைதியான நீரில் கரும்புள்ளிச் சுறாக்களைப் பார்க்கலாம். டிசம்பரில் இலங்கையில் இறங்கியே ஆக வேண்டுமானால் மேற்கும் தெற்கும்தான்: கொழும்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் கப்பல்கள், ஹிக்கடுவ, உனவட்டுன.

மட்டக்களப்புக்கு வெளியே கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பற்றியும் கேட்டிருந்தார். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது. 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். தொழில்நுட்ப முக்குளிப்பில் தனிப்பயிற்சி பெறாதவர்கள் அதைத் தொடக்கூடாது, வழிகாட்டி எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி.

மூழ்கிய கப்பல் பார்க்கத்தான் வேண்டுமென்றால் பாலியின் துலாம்பென் இருக்கிறது. லிபர்ட்டி என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டுக் கரையில் ஏற்றப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. மேல்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்திலேயே தொடங்குகிறது, படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்து போகலாம். அந்த ஊர்ப் பெண்கள் காற்றுக்கலனைத் துணிச்சும்மாட்டின்மேல் தலையில் நிறுத்தி, இன்னொன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முட்டை அளவும் தேங்காய் அளவுமாகக் கிடக்கும் கறுப்புக் கற்கள்மீது ஒரு கை கூடப் பிடிக்காமல் நடந்து வருவார்கள். நாமோ வெறும் காலணியோடு தடுமாறுவோம். என் தங்கையை மீண்டும் கடலுக்குள் கொண்டுவந்த இடமும் அதுதான். முழங்கால் அளவு நீரில் உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை யாரும் அவசரப்படுத்தாமல் காத்திருந்த வழிகாட்டி வாய்த்தது அவளுடைய நல்லூழ். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து அந்தக் கரையிலும் அலை எழும். கற்களில் நிற்க முடியாது. ஜூன் முதல் அக்டோபர்வரை போங்கள்.

செப்டம்பர் 14

ஜூனில் கற்றுக்கொண்டு டிசம்பரில் மறுபடி இறங்கினால் கை மறந்திருக்கும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரிலேயே உள்ள புலாவ் ஹந்து தீவில் இறங்குங்கள்.

அங்கே என்ன தெரியும் என்று பலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நீர் பச்சையாகக் கலங்கியிருப்பது உண்மைதான். நிலமீட்பும் கப்பல் போக்குவரத்தும் கிளப்பும் வண்டல் வெளிச்சத்தை மறைப்பதால் பவளம் மேலேயுள்ள சில மீட்டருக்குள்தான் வளர்கிறது. இருந்தும் நம் கடலில் ஏறக்குறைய 250 வகைக் கல்பவளங்கள் உள்ளன. தொலைவு தெரியாததால் கண் அருகே வருகிறது. ஒரு கடல் விசிறியின் கிளையில் சுண்டுவிரல் நகத்தளவு ஓடில்லாத கடல்நத்தை ஒன்று, ஊதா உடலும் மஞ்சள் விளிம்புமாக, செவுள்களைக் குஞ்சம்போல் விரித்து நகர்வதைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் அசையாமல் மிதந்தாக வேண்டும், துடுப்பை ஒருமுறை உதைத்தாலும் சேறு எழும்பி அந்தக் காட்சி முடிந்துபோகும். மிதப்பைக் கற்றுத்தர இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை. ஹந்துவில் ஒரு மணி நேரம் நிதானமாக இருக்க முடிந்தவருக்கு ராச்சா யாய் எளிது.

செப்டம்பர் 14, சற்றுப் பின்னர்

முகமூடியை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், மூவருக்கும். மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம். பிறர் முகத்துக்குப் பொருந்திய முகமூடி உங்கள் முகத்தில் ஒழுகும்.

செப்டம்பர் 21

"வண்ணப் பவளம் பார்க்க முடியுமா?" என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. சூடு தணியாவிட்டால் இறந்துபோகிறது. 1998-இல் மாலத்தீவின் மேல்மட்டப் பவளத்தில் பெரும்பகுதி அப்படித்தான் அழிந்தது. 2016-இல் மீண்டும் அடிபட்டது. 2010-இல் தியோமான், ரெடாங் பகுதிகளில் சில இடங்களை மலேசிய அதிகாரிகள் மூடி ஓய்வு கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஆகையால் விளம்பரப் படங்களை நம்பி எந்த ஊரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே ஆண்டில் எடுத்த படம் வேண்டும் என்று நிலையத்திடம் கேளுங்கள், நேர்மையான நிலையம் அனுப்பும்.

பவளத்துக்காகவே ஒரு பயணம் வேண்டுமென்றால் அது இந்தோனேசியாவின் ராஜா அம்பாட். உலகில் அறியப்பட்ட கல்பவள வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தக் கடலில் இருக்கிறது. கேப் கிரி என்னும் ஒரே இடத்தில், ஒரே முக்குளிப்பில், ஆய்வாளர் ஜெரி ஆலன் 2012-இல் 374 மீன் வகைகளைக் கணக்கிட்டார். சோரோங்வரை விமானம் மாறி மாறிப் போய், அதன்பிறகு படகு. நீரோட்டமும் உண்டு, செலவும் பெரிது. மகள் வளரட்டும், நீங்கள் மூவரும் அட்வான்ஸ்டு முடித்துவிட்டுச் சேர்ந்து போங்கள். அந்தக் கடலை நிதானமான கண்களோடு பார்க்கிறவர்களாக நீங்கள் போக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

அக்டோபர் 5

சென்னை வழியாக அந்தமான் போகலாமா என்ற கேள்விக்கு: போகலாம், பொங்கலை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது. டிசம்பர் தொடக்கத்தில் வங்கக் கடலில் புயல் உருவானால் தீவுகளுக்கிடையே படகு ஓடாது. ஒரு வார விடுப்பில் இரண்டு நாள் காத்திருப்பது கசக்கும். ஹேவ்லாக் என்று நாம் அறிந்த சுவராஜ் தீவில் புதியவர்களுக்கேற்ற அமைதியான இடங்கள் நிறைய உண்டு. அந்தமானில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் குறைவில்லை என்பதால், வயதானவர்களை அழைத்துச் செல்வோருக்கு அது பெரிய வசதி.

அக்டோபர் 26

புக்கெட்டுக்குப் பதிவு செய்துவிட்டீர்கள் என்று படித்ததில் மகிழ்ச்சி. இரண்டு வேலைகள் மீதமிருக்கின்றன.

பயணக் காப்புறுதியின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். முக்குளிப்பு அடங்குமா, எத்தனை மீட்டர்வரை, சான்றிதழ் பெறாத பிள்ளை பயிற்சியில் இருக்கும்போதும் செல்லுமா என்று மூன்றையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அழுத்த அறைச் சிகிச்சை அடங்குகிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது திரும்பும் விமானம். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. மேலே வந்தபின் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது வெளியேறி முடிவதற்குள் விமானத்தில் ஏறினால், அறையின் குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாக மாறி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். பிள்ளையோடு போகிற நீங்கள் ஒரு முழு நாளை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை விமானம் என்று எழுதியிருப்பதால், கடைசி முக்குளிப்பை வியாழன் பிற்பகலோடு நிறுத்திக்கொண்டு வெள்ளிக்கிழமையை அம்மாவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். உபகரணங்களையும் அன்றே நன்னீரில் அலசி உலர்த்திவிடலாம்.